கல்வீட்டுக்கு +3

குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு வாசகி இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தார்: “பகடை உருட்டி ஆடுவதெல்லாம் அதிர்ஷ்டம்தானே சார்? அப்புறம் அதைப் போய்ப் போர்த்தந்திர விளையாட்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?” நல்ல கேள்விதான். ஆனால் அந்த வகை விளையாட்டு எதையும் நான் கையால் தொட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே போர் ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, பகடையே கிடையாது. தொட்டுப் பார்க்காமல் எழுத மனம் வராமல் பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

போன வாரம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து காட்பாடியில் வந்து இறங்கினான், கையில் கனத்த பெட்டி ஒன்றோடு. இரண்டாம் உலகப் போரின் தெருச் சண்டைகளை மேசைமேல் நடத்துகிற விளையாட்டு. பெரும்படைகள் கிடையாது, பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள், ஒரு இயந்திரத் துப்பாக்கி, ஒரு தெரு, நாலைந்து வீடுகள், அவ்வளவுதான் களம்.

பெட்டியைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “மாமா, ஃபேனை நிறுத்துங்க.” மே மாதத்து வேலூரில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். காரணம் இருந்தது. படைகள் எல்லாம் அரை அங்குலச் சதுர அட்டைச் சில்லுகள். மூச்சு விட்டாலே நகரும். அட்டைத் தாளிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பிரித்தால் நான்கு மூலையிலும் பிசிறு நிற்கிறது. அதை நகவெட்டியால் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்தான். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்களாம். என் மனைவி கொண்டுவந்து வைத்த மக்கன் பேடாத் தட்டை அவனே பயந்து தள்ளி வைத்தான். பாகு கையோடு தொட்டால் ஒரு ஜெர்மானியக் குழு விரலோடு வந்துவிடும்.

சில்லில் ஒரு சிப்பாயின் நிழலுருவம், அதன் கீழே மூன்று எண்கள். 4-6-7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 என்பது சுடுதிறன். 6 என்பது எத்தனை கட்டம்வரை குண்டு எட்டும் என்பது. 7 என்பது மனவுறுதி. ஒரு குழுவைப் பற்றி விளையாட்டுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இந்த மூன்றுதான். அச்சு அழகு. ஆனால் சில சில்லுகளில் எண்கள் ஓரத்தை ஒட்டி நழுவி நிற்கின்றன. அந்தப் பிசிறை வெட்டும்போது எண்ணும் சேர்ந்து போய்விடுமோ என்று நெஞ்சு திக்கென்றது.

விரித்த வரைபடம் முழுக்க அறுகோணக் கட்டங்கள். மருமகன் அதை ‘ஹெக்ஸ்’ என்றான். எட்டிப் பார்த்த என் மனைவி, “இது இடுக்குப் புள்ளிதானே” என்றாள். எனக்குச் சுரீரென்று உறைத்தது. நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வரும். இடுக்குப் புள்ளியில் மேல்வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே கீழ்வரிசைப் புள்ளி விழும். அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் அறுகோணங்கள் கிடைத்துவிடும். சதுரக் கட்டத்தில் பக்கவாட்டில் ஒரு கட்டம் போனால் தூரம் 1. மூலைவாட்டில் போனால் 1.41. மூலைவாட்டில் போகிற சிப்பாய் மட்டும் மற்றவனைவிட நாற்பது சதவீதம் வேகமாக ஓடுவான். அறுகோணத்தில் ஆறு அண்டை வீட்டாரும் ஒரே தூரம். மிக மோசமான திசையில்கூட 2 அடி வைத்தால் 1.73 தூரம் போய்ச் சேர்கிறோம். பிழை 16 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 7 புள்ளியில் தொடங்கி 4 வரை வைக்கும் இடுக்குப் புள்ளிக் கோலத்தில் மொத்தம் 37 புள்ளி. நடுப்புள்ளியில் நிற்கும் குழு 3 கட்டத்துக்குள் எட்டக்கூடிய இடங்கள், தான் நிற்கும் இடத்தையும் சேர்த்து, அதே 37. மார்கழியில் வாசலில் குனிந்து நிற்பவர்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824ல் வெளியிட்ட விதிகளில் உண்மையான வரைபடம், பகடை, இழப்பு அட்டவணை எல்லாம் வந்துவிட்டன. கடையில் வாங்கும் பலகை வடிவத்தை 1954ல் அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் தொடங்கினார். அவருடைய அவலான் ஹில் நிறுவனம் 1961ல் சதுரத்தை விட்டு அறுகோணத்துக்கு மாறியது. சிறு குழுச் சண்டையைப் பிரபலமாக்கியது 1977ல் ஜான் ஹில் வடிவமைத்த ஸ்குவாட் லீடர். எங்கள் மேசையில் இருந்தது அந்த வம்சத்தின் பேரப்பிள்ளை.

விதிப்புத்தகத்தைப் பற்றிப் புகழ்ந்து சொல்ல ஒன்றுமில்லை. பொடி எழுத்து. 4.3ஐப் படித்தால் 7.12ஐப் பார் என்கிறது. அங்கே போனால் “4.3ல் சொன்னதுபோல” என்று இருக்கிறது. பத்திரப்பதிவு ஆவணம் எழுதுகிறவர்கள் யாராவது உதவியிருப்பார்களோ என்னவோ. ஒரு விதி மட்டும் பிடித்தது. எதிரி கண்ணில் படுகிறானா என்று தெரிய, நம் கட்டத்தின் நடுவிலிருந்து அவன் கட்டத்தின் நடுவுக்குக் கொத்தனார் போல நூல் பிடிக்க வேண்டும். குறுக்கே கட்டடமோ தோப்போ மறித்தால் சுட முடியாது.

சரி, இனி பகடை.

ஒரே பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. தரை மட்டமாக இருக்கிறது, மேடு பள்ளம் இல்லை. இந்த விளையாட்டில் இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுகிறார்கள். உடனே தரையில் ஒரு குன்று முளைத்துவிடுகிறது. மொத்தம் 36 வழிகள். 2 விழ ஒரே வழி, 1ம் 1ம். 12க்கும் ஒரே வழி. 7க்கு ஆறு வழிகள். ஏன் 7 உச்சியில் நிற்கிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். முதல் பகடையில் எது விழுந்தாலும் 7க்குக் கதவு திறந்தே இருக்கிறது. 1 விழுந்தால் 6 வேண்டும், 2 விழுந்தால் 5, இப்படி எப்போதும் துணை ஒன்று உண்டு. 12க்கு அப்படி இல்லை. முதல் பகடை 6 ஆக இல்லாவிட்டால் அங்கேயே கதவு மூடிவிடும். 3ம் 4ம் விழுவதும் 4ம் 3ம் விழுவதும் ஒன்றுதானே என்று வகுப்பில் கேட்பார்கள். ஒரு பகடை சிவப்பு, ஒன்று வெள்ளை என்று வைத்துக்கொண்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இப்போது விளையாட்டு இந்தக் குன்றை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். வெட்டவெளியில் நிற்கும் குழுவைச் சுடுகிறோம். 6 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் அடி என்று வைத்துக்கொள்வோம். 36ல் 15 வழி. அதே குழு தோப்புக்குள் இருந்தால் நம் பகடையோடு 1 கூட்ட வேண்டும்; அதாவது இனி 5க்குள் விழுந்தாக வேண்டும். 15 வழி 10 ஆகிவிட்டது. மரவீட்டுக்குள் போய்விட்டான் என்றால் +2, வழி 6. கல்வீடு என்றால் +3. இப்போது 36ல் 3 வழிதான். வெட்டவெளியில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு! +3 என்று அச்சடித்த ஒரு சின்ன எண், சுவரின் கனத்தை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லிவிடுகிறது. கருங்கல் கோட்டையும் அகழியும் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது அதிகாரிச் சில்லு. குண்டடி விழும்போது குழு கலையாமல் நிற்குமா என்று பார்க்க, மனவுறுதி எண்ணுக்குள் உருட்ட வேண்டும். பக்கத்தில் நல்ல அதிகாரி இருந்தால் விழுந்த எண்ணில் 1 கழித்துக்கொள்ளலாம். இருப்பதோ ஒரே அதிகாரி. அவரை யாரோடு நிறுத்துவது? மனவுறுதி 10 உள்ள பொறுக்கியெடுத்த வீரர்களோடு நிறுத்தலாமே என்று எனக்குத் தோன்றியது. அப்படியே செய்தேன். தப்பு. அவர்கள் ஏற்கெனவே 36ல் 33 முறை தேறுவார்கள். அதிகாரி வந்தால் 35. கூடுதல் லாபம் இரண்டே வழி. மனவுறுதி 6 உள்ள சாதாரணக் குழுவோடு நிறுத்தினால்? 15 வழி 21 ஆகிறது. ஆறு வழி லாபம். மனவுறுதி 2க்கு இறங்கிவிட்டவர்களோடு நிறுத்தினாலும் பெரிய பயனில்லை, 1 வழி 3 ஆகும், அவ்வளவுதான். குன்றின் உச்சியை ஒட்டி நிற்பவனுக்குத்தான் ஒரு எண் பெரிய வித்தியாசம். ஒரே பகடையாக இருந்திருந்தால் யாரோடு நிறுத்தினாலும் ஆறில் ஒரு பங்கு லாபம்தான், யோசிக்கவே வேண்டியிருக்காது. வாசகி கேட்ட தந்திரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. விழும் எண் நம் கையில் இல்லை. எந்த இடத்தில் உருட்டுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்: 30 மார்க்கில் தத்தளிக்கும் பையன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் 35ஐத் தாண்டுவான். 90 எடுப்பவன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஃபோட்டோவில் நாமும் வரலாம்.

இந்தக் குன்று சீமைச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தாயக்கட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு முகம்: 0, 1, 2, 3. மொத்தம் 16 வழிகள். 3 விழ நாலு வழி. 2க்கும் 4க்கும் மும்மூன்று. 1க்கும் 5க்கும் இரண்டிரண்டு. 6க்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 0 என்று விட்டுவிடாமல் 12 என்று கொண்டாடுகிறோம், அதற்கும் ஒரே வழி. இதிலும் ஒரு குன்று, உச்சியில் 3. மறுஆட்டம் எதற்கெல்லாம் கிடைக்கும்? எங்கள் வீட்டு விதிப்படி 1, 5, 6, 12. நாலுமே குன்றின் அடிவாரம்! அரிதாக விழுவதற்குப் பரிசு, அடிக்கடி விழுவதற்கு ஒன்றுமில்லை. யார் முதலில் இந்த விதியை வகுத்தார்களோ, அவர்கள் பல்லாயிரம் முறை உருட்டிப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் சூதாடிகள்தான் முதலில் கவனித்தார்கள். மூன்று பகடையில் 9ஐவிட 10 கொஞ்சம் அதிகம் விழுகிறதே என்ற சந்தேகம் கலிலியோவிடம் போனது. அவர் எண்ணிப் பார்த்து 216ல் 9க்கு 25 வழி, 10க்கு 27 வழி என்று எழுதிவைத்தார். அந்த இரண்டு வழி வித்தியாசத்தை வெறும் அனுபவத்தில் உணர்ந்தவர்களின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

காய் இறங்கத் தாயம், அதாவது 1, விழ வேண்டும். வாய்ப்பு 8ல் 1. எட்டு முறை உருட்டினால் ஒரு முறை விழுந்தே தீரும் என்று அர்த்தமில்லை. எட்டு முறையும் விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேர் ஆடினால் ஒருவர் பாடு திண்டாட்டம்தான். எங்கள் பாட்டி அந்த நேரத்தில் கிழக்கே திரும்பி உட்காரச் சொல்வாள். கைராசி உள்ள பேத்தியை விட்டு உருட்டச் சொல்வாள். கட்டைக்குத் திசையும் தெரியாது, பேத்தியையும் தெரியாது. போன ஆட்டத்தில் என்ன விழுந்தது என்ற ஞாபகமும் இல்லை. பாட்டியை விடுங்கள், அவள் பள்ளிக்கூடம் போகாதவள். பொறியியல் படித்த மருமகனும் முக்கியமான ஆட்டத்துக்கு முன் பகடையை ஊதித்தான் உருட்டுகிறான். அவனுக்கு நிகழ்தகவு பாடம் எடுத்தவர்கள் பலகையில் சூத்திரம் எழுதியிருப்பார்கள், பகடையைக் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் பாடம் நடத்திய ஒரு பள்ளியில் கணித ஆய்வகத்துக்கென்று வந்த பெட்டி பீரோவிலேயே கிடந்தது. ஆய்வுக்கு ஆள் வரும் அன்று மட்டும் வெளியே வரும், துடைத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுவார்கள். வகுப்புக்கு வகுப்பு பெரிய திரை மாட்டப் பணம் இருக்கிறது. தலைக்கு இரண்டு பகடை வாங்கப் பணமில்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் குன்றின் ஓரத்தில் இருக்கும் 2ம் 12ம் வெறும் அலங்காரமா? இல்லை. 1989வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். சண்டை நடுவே ஆங்கிலேயர் சுட்ட பீரங்கிக் குண்டு ஒன்று பிரெஞ்சு வரிசையில் நின்ற வெடிமருந்து வண்டியில் விழுந்தது. வண்டி வெடித்ததில் அந்தப் பக்கம் முழுக்கக் குலைந்தது. அன்று தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு அதன்பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. அந்தக் குண்டைச் சுட்டவர்கள் வண்டியைக் குறிவைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 36ல் ஒன்று, அன்று விழுந்துவிட்டது. விளையாட்டும் அதற்கு இடம் வைத்திருக்கிறது: என் கல்வீட்டை நோக்கி மருமகன் உருட்டியபோது, “3 வழிதான்டா, விடு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் 1ம் 1ம் விழுந்தன. ஊதித்தான் உருட்டினான். அதைப் பற்றி அவனோடு நான் இன்னும் பேசவில்லை.

குடியாத்தத்து வாசகிக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டுத் தாயக்கட்டையை 160 முறை உருட்டி, விழுவதையெல்லாம் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். 3 நாற்பது முறையை ஒட்டியும், 2ம் 4ம் முப்பதை ஒட்டியும், 1ம் 5ம் இருபதை ஒட்டியும், 6ம் 12ம் பத்தை ஒட்டியும் வர வேண்டும். நாலைந்து கூடக்குறைய இருந்தால் கவலைப்படாதீர்கள். 12 மட்டும் முப்பதைத் தாண்டினால், அந்தக் கட்டையை யார் வாங்கி வந்தார்கள், கடைசியாக யார் ஜெயித்தார்கள் என்று வீட்டில் விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.