மினி டிராக்டரில் நாமே செய்யும் மாற்றங்கள்: எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்?

மினி டிராக்டர் வாங்கிய கையோடு பட்டறைக்கு ஓட்டிப்போகாதவர்கள் குறைவு. வெயிலுக்கு மேற்கூரை, முதுகு வலிக்காத சீட், ஸ்பேனர் போட்டுவைக்கப் பெட்டி, பின்னால் ஒரு விளக்கு என்று ஆளுக்கொரு தேவை இருக்கும். ஆனால் டிராக்டரும் சட்டத்தின் கண்ணில் ஒரு மோட்டார் வாகனம்தான். அதில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு விதி இருக்கிறது.

அந்த விதி 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. வண்டியைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக்கூடாது என்கிறது அது. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறிப்போகிற அளவுக்குக் கட்டமைப்பில் கை வைப்பதைத்தான் சட்டம் 'மாற்றம்' என்று கணக்கில் எடுக்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக மாற்றக்கூடாது என்பதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பயந்துவிட வேண்டாம். சீட்டுக்கு மேல் தடித்த மெத்தை போடுவதையும், போல்ட் கழற்றினால் வந்துவிடும் டூல் பாக்ஸையும், தண்ணீர் பாட்டில் தாங்கியையும் யாரும் கட்டமைப்பு மாற்றம் என்று சொல்லப்போவதில்லை. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண், எரிபொருள், எத்தனை பேர் உட்காரலாம், வெற்று எடை எவ்வளவு என்று இருக்கும். நீங்கள் செய்யப்போகும் வேலை இவற்றில் ஒன்றையாவது மாற்றுமா? மாற்றும் என்றால் முதலில் போகவேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம், பட்டறை அப்புறம்தான். எஞ்சினை மாற்றுவதும், வேறு எரிபொருளுக்கோ பேட்டரிக்கோ மாற்றுவதும் இந்த வகை. ஆர்.சி.யில் ஏறவேண்டிய மாற்றம் எதுவானாலும், செய்த 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, கட்டணம் கட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை.

நம் ஊரில் அதிகம் நடப்பதும் அதிகம் ஆபத்தானதும் மட்கார்டு சீட்தான். மட்கார்டின் மேல் பலகையையோ ரெக்சின் மெத்தையையோ பொருத்தி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பற்றவைத்துக் கொடுக்கிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் அதில் உட்கார்ந்து வருவதைப் பார்க்காத கிராமம் கிடையாது. ஆர்.சி.யில் இருக்கை ஒன்றே ஒன்று, ஓட்டுநருக்கு. சாலையில் டிராக்டரின் மேல் ஓட்டுநரைத் தவிர யாரையும் ஏற்றக்கூடாது என்று ஓட்டுநர் விதிகளும் சொல்கின்றன. இதில் இடி விழுவது அபராதத்தால் அல்ல. மட்கார்டிலிருந்து தவறி விழுந்தவர் பின்சக்கரத்துக்கு அடியில்தான் போவார். நிறைய வழக்குகளில், மட்கார்டில் வந்தவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். அந்த மெத்தைக்குச் செலவழிக்கும் காசை ஓட்டுநர் சீட்டின் ஸ்பிரிங்கைச் சரிசெய்யக் கொடுக்கலாம்.

மேற்கூரை விஷயத்தில் சட்டத்தைவிட வெல்டிங்தான் கவனிக்க வேண்டியது. சில வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் காக்கும் வளைந்த இரும்புச் சட்டகம் இருக்கும். கூரையை நிறுத்த அதில் துளை போடுவதும் பற்றவைப்பதும் கூடாது. சூடு பட்ட இடத்தில் இரும்பின் பலம் போய்விடும். கவிழும்போது அந்த இடத்திலேயே ஒடியும். யூ போல்ட் போட்டு இறுக்கினால் போதும், வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாம். அந்தச் சட்டகமே இல்லாத வண்டியில் மெல்லிய குழாய்க் கூரை நிழல் மட்டும்தான் தரும், உயிரைக் காக்காது.

விளக்குக்கும் ஒரு விதி இருக்கிறது. முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 111. இரவில் உழ விளக்கு வேண்டுமென்றால் பின்பக்கம் பொருத்தி, தனி சுவிட்ச் வைத்து, சாலைக்கு வரும்போது அணைத்துவிடுங்கள். பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுவது நல்லது. எஞ்சினின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டின் மேல் இருக்கும் மூடியைத் தொந்தரவு என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் தண்டில் வேட்டி நுனி சிக்கினால் இழுத்துக்கொள்ள ஒரு நொடி போதும்.

பட்டறையில் செய்த டிரெய்லரும் பலர் வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், தனிப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் சாலையில் இழுத்தால் முதல் முறைக்கே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லர் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்றும் முன்பு சொன்ன 52-வது பிரிவில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் தன் வண்டியைத் தன் உடலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றிவிட்டு அனுமதி வாங்கவும் வழி உண்டு. விதிக்கப்பட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் போதும். கால் வலுவில்லாத விவசாயி கிளட்சைக் கையால் இயக்கும்படி செய்துகொள்வது இதில் வரும். ஆனாலும் மோட்டார் வாகன ஆய்வாளரை முன்கூட்டியே பார்த்துப் பேசிவிட்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது. செய்தபின் நிராகரித்தால் செலவு இரட்டிப்பு. டிராக்டரில் வலது, இடது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் மிதி இருப்பதை மறக்கக்கூடாது. பிரேக்கையும் கையால் இயக்கும்படி செய்யும்போது, கை நெம்புகோலை ஒன்றோடு மட்டும் இணைத்தால் சாலையில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துத் திரும்பும்.

இனி மானியம். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் என்ற அரசுத் திட்டத்தில் சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்குப் பொதுவாக 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், கருவிக்குக் கருவி வேறுபடும் உச்சவரம்புக்குள், கிடைக்கும். பரிசோதனையில் தேறி, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் உள்ள கருவிக்கு மட்டும்தான் இது. பட்டறைக் கலப்பைக்குக் கிடையாது. ஆகவே மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடிக்கும் கலப்பையோ மருந்துத் தெளிப்பானோ தேவையென்றால், இரும்பு வாங்குமுன் உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ விலையையும் மானியத்தையும் கேட்டுவிடுங்கள். மானியம் போக வரும் தொகை பட்டறைக் கூலியைவிடக் குறைவாக இருக்கவும் கூடும். விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். முன்பே வாங்கிவிட்டுப் பில்லை நீட்டினால் பணம் வராது.