ஷாம்பு: நாங்கள் மறந்த பெயர்

சோப்புக்குச் சவர்க்காரம் என்று சொல்லப் பழகிய வன்னி வாய்க்கு, ஷாம்புக்கு மட்டும் சொல் வரவில்லை. சந்தைக் கடையில் “ஒரு சாம்பு பக்கெற் தாங்கோ அண்ணை” என்றுதான் கேட்கிறோம். அதில் எனக்கு மனக்குறை இல்லை. செவ்வரத்தம் (செம்பருத்தி) இலையையும் ஊறவைத்த வெந்தயத்தையும் அம்மியில் அரைத்து எடுத்துவிட்டு, அதையும் “வீட்டு ஷாம்பு” என்கிறோமே, அதுதான் காதில் இடறுகிறது.

ஷாம்பு இந்தியிலிருந்து போன சொல். ‘சாம்ப்னா’ என்றால் அழுத்துதல், பிசைதல். ‘சாம்போ’ என்றால் ‘அழுத்து’ என்ற ஏவல். 1762 அளவில் அது ஆங்கில எழுத்தில் ஏறியபோது, உடம்பு பிடித்துவிடுவதையே குறித்தது. பட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் நிலையம் நடத்தி, நான்காம் ஜோர்ஜ் மன்னருக்கே ‘ஷாம்பு வைத்தியர்’ ஆனார். அந்த ஷாம்பில் தலைமயிருக்கு வேலையே கிடையாது. தலை கழுவுதல் என்ற பொருள் 1860களில்தான் ஒட்டிக்கொண்டது. பிறகு கழுவும் சரக்குக்கும் அதே பெயர் வந்தது. சண்பகப் பூவிலிருந்து வந்த சொல் என்று சொல்வாரும் உண்டு. ‘அழுத்து’ என்ற வினை கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது பூவுக்காக மரம் ஏறுவானேன்?

தமிழில் ‘தலைகழுவி’ என்று ஆக்கிப் பார்க்கலாம்தான். ஏதோ குழாய்ப் பொறியின் பெயர்போல இருக்கிறது. ‘சீயக்காய்’ ஒரு காயின் பெயர். சிகைக்காய் தேய்ந்து சீயக்காய் ஆயிற்று. சிகை வடசொல் என்பதால் தனித்தமிழ்க்காரர் அதிலும் பாதியைத்தான் ஏற்பார்கள்.

அம்மம்மா சொன்னது ‘அரப்பு’. அவவுக்கு அரப்பு என்றால் இலுப்பைப் பிண்ணாக்கு. இலுப்பைக் கொட்டையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. எண்ணெய் விளக்குக்கு, சக்கை தலைக்கு. இலுப்பை இந்த நிலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு மன்னார்ப் பெருநிலத்து இலுப்பைக்கடவை என்ற ஊர்ப்பெயரே போதும். ஆனால் கொங்கு நாட்டில் அரப்பு என்று கேட்டால் உசிலை மரத்து இலைப் பொடியைத் தருவார்கள். இரண்டும் வேறு வேறு மரம், ஒன்றில் விதைச் சக்கை, மற்றதில் இலை. பெயர் மட்டும் ஒன்று. அப்படியானால் அரப்பு ஒரு மரத்துக்கு மட்டும் உரிய பெயரில்லை, தலையில் எண்ணெய் போக்கும் வேலையின் பெயர். என் காதுக்கு அதில் ‘அரை’ என்ற வினையும் கேட்கிறது. செவ்வரத்தம் இலைக்கும் பச்சைப்பயற்று மாவுக்கும் இந்தப் பெயர் அப்படியே பொருந்தும்.

வினைக்கும் பஞ்சமில்லை. எங்களுக்குக் குளிப்பு வேறு, முழுக்கு வேறு. உடம்பு மட்டும் நனைந்தால் மேல்கழுவல், தலையும் நனைந்தால் தோய்ச்சல், எண்ணெய் வைத்து அரப்புப் போட்டால் முழுக்கு. கலியாணத்தன்று தலையில் பாலறுகு, அதாவது பாலில் தோய்த்த அறுகம்புல், வைத்தபின் மாப்பிள்ளையை முழுகவார்ப்பார்கள், குளிப்பாட்ட மாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டில் கோயில் மருத்துநீரைத் தலையில் தேய்த்துத் தோய்வார்கள். ஒருவனோடு உறவை அறுத்தால் “அவனைத் தலைமுழுகியாச்சு” என்பதும் இந்தத் தண்ணீரில் பிறந்ததுதான்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரம் அருமைப் பொருளானபோது, பனங்களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்களுக்கு இலுப்பையின் சக்கையும் உதவியது. தடை போய்ப் பாதை திறந்ததும் பக்கெற்றுகள் வந்தன. அரப்பும் அந்தச் சொல்லும் ஒன்றாகவே அடுப்படியை விட்டு இறங்கின.

இலுப்பைச் சக்கை நுரைப்பது அதிலுள்ள சபோனினால். இலத்தீனில் ‘சாபோ’ என்றால் சவர்க்காரம், சபோனின் அதன் பிள்ளை. சீயக்காயிலும் அதுவே. செவ்வரத்தம் இலையில் வருவது பெரும்பாலும் வழுவழுப்பு. மயிர் மெதுமெதுப்பாகும், தடித்த எண்ணெய் முழுதும் போகாது. அதனால்தான் அம்மம்மா அதில் பயற்றுமா சேர்த்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரால் அலசிவிடுவா.

ஆகவே என் தீர்ப்பு: போத்தலில் வருவது ஷாம்பாகவே இருக்கட்டும், வேற்றூர்ச் சரக்கு வேற்றூர்ப் பெயரோடு வரட்டும். நீங்கள் அரைத்தது அரப்பு. “செவ்வரத்தை அரப்பு”, “வெந்தய அரப்பு” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கும் தடுக்காது.

அரப்பைப் போத்தலில் அடைத்து ஷாம்பு ஆக்கவும் ஒருமுறை பார்த்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்ததும் வீடு முழுக்கப் புளித்த நாற்றம். கெடாமல் காக்கும் மருந்து அதில் எதுவும் இல்லை. தோய்கிற அன்றைக்கு அன்றன்று அரையுங்கள். இலுப்பை அரப்பு என்றால் நன்றாக இடித்துச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு வடித்து எடுங்கள், வார்க்கும்போது கண்ணை இறுக்கி மூடுங்கள். அந்த எரிவுக்கு நான் கிணற்றடியைச் சுற்றி ஓடியிருக்கிறேன்.