மார்புப் புற்றுநோய் மாத்திரையால் மூட்டு வலியா? நிறுத்திவிடாதீர்கள்

ஆபரேஷன் முடிந்தது, கீமோ முடிந்தது, கரண்ட் வைத்தும் ஆயிற்று. இனி தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து வருடம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி செய்யும் என்னிடம் பல பெண்கள் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். புற்றுநோய் என்று சொல்ல மாட்டார்கள். முட்டி வலி என்பார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தால் லெட்ரோசோலோ அனஸ்ட்ரோசோலோ இருக்கும்; அந்தத் தினசரி மாத்திரையின் பெயர்கள்தான் இவை.

மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பிலும் தசையிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உருவாகும். ஹார்மோனால் வளரும் புற்றுநோய்க்கு அதுதான் தீனி. இந்த மாத்திரைகள் அது உருவாவதைத் தடுக்கின்றன. ஆனால் மூட்டுக்கும் எலும்புக்கும் காவலாக இருந்ததும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். அதனால் இரண்டு மூன்று மாதங்களிலேயே விரல் விறைப்பு, மணிக்கட்டு வலி, முட்டி வலி தொடங்கலாம். சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருகிறது. வலி தாங்காமல் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். விட்டால் வலி குறையும். நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

காவேரிப்பட்டணம் பக்கத்து அம்மா ஒருவர், வீட்டில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிறவர். "விரல மடக்குனா நிமிர மாட்டேங்குது மேடம், இன்னொரு கையால இழுத்து விட வேண்டியிருக்கு" என்றார். மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறாராம், வீட்டில் யாருக்கும் தெரியாதாம். தினமும் போட வேண்டிய காரணத்தை முதலில் பேசினோம். பிறகு, எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மெல்ல மடக்கி விரிக்கச் சொன்னேன். (அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கைக்குச் சூடு ஆகாது, கவனம்.) சுத்தியல் பிடியில் பழந்துணியைச் சுற்றிப் பருமனாக்கினோம், இறுக்கிப் பிடிக்கும் வேலை பாதி குறைந்தது. இரவில் அந்த விரலுக்கு ஒரு சிறு பட்டை. சில வாரங்களில் விரல் தானாக நிமிர்ந்தது.

"காட்டுல நாள் பூரா வேலை செய்யறேன், எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்று கேட்காதவர்கள் குறைவு. சாமந்தி பறிப்பதும் களை எடுப்பதும் ஒரே மூட்டுகளைத் திரும்பத் திரும்பத் தேய்க்கும் வேலை. தொடைத் தசைக்கு வலு வர, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும்; மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்க வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், இந்த மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்கள் பங்கேற்றனர். வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் செய்த பிரிவினருக்கு ஓராண்டில் கடும் வலி 29 சதவீதம் குறைந்தது.

யோகாவும் உதவும். ஆனால் டிவியைப் பார்த்துச் செய்ய வேண்டாம். இந்த மாத்திரையால் எலும்பு அடர்த்தி குறையும். அடர்த்தி ஸ்கேன் எடுக்காமல் முதுகைக் கூனி முன்னால் வளைவதும் இடுப்பை முறுக்குவதும் ஆபத்து. முட்டி வலியோடு, காலை மடக்கி அதன்மேல் உட்காரும் வஜ்ராசனம் தேவையில்லை. சுவரில் சாய்ந்து நேராக நிற்கும் தாடாசனம், கட்டிலில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி போதும். வலிக்கென்று கடையில் சீட்டில்லாமல் சேர்த்துத் தரும் 'செட்' மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

எல்லா வலியும் மாத்திரை வலி ஆகாது. ஒரே இடத்தில் நாளுக்கு நாள் கூடி, இரவில் தூங்க விடாத எலும்பு வலி வந்தால் புற்றுநோய் டாக்டரைப் பாருங்கள். முதுகு வலியோடு கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

ஊர் தூரம் என்றால், 2021-ல் நம் மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இத்தனைக்கும் வலி அடங்காவிட்டால், அதே வகையில் வேறொரு மாத்திரைக்கு மாற்றவோ, சில வாரம் இடைவெளி விடவோ டாக்டரால் முடியும். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மீதி மாத்திரையோடு அட்டையை எடுத்துப் போங்கள். விட்ட நாட்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்.