புது ரோடு பைக்கா? கியர் கணக்க மலைல இருந்து ஆரம்பிங்க

புதுசா ரோடு பைக் வாங்கறவங்க முதல்ல கேக்கறது டாப் ஸ்பீட் எவ்ளோ வரும்ங்கறதுதான், கடைக்காரரும் முன்னாடி இருக்கற பெரிய செயின்ரிங்கத்தான், அதாவது பெடலோட சேந்து சுத்தற பல்சக்கரத்தத்தான் காட்டுவாரு. ஆனா பாக்க வேண்டியது நேர் எதிர் பக்கம். அந்த பைக்ல இருக்கறதுலயே லேசான கியர் எது, அதைப் போட்டு நீங்க போகப்போற மோசமான ஏத்தத்த சீட்ல உக்காந்தபடியே மிதிச்சு ஏற முடியுமா, இது ரெண்டுதான் முக்கியம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். முன்னாடி பல்சக்கரத்துல இருக்கற பல் எண்ணிக்கைய பின்னாடி இருக்கறதோட பல் எண்ணிக்கையால வகுத்தா, பெடல் ஒரு சுத்து சுத்தினா பின் வீல் எத்தனை சுத்து சுத்தும்னு வந்துடும். 25 எம்எம் டயர் போட்ட 700சி வீலோட (ரோடு பைக்ல வழக்கமா வர்ற அளவு) சுற்றளவு கிட்டத்தட்ட 2.1 மீட்டர். அதுனால முன்னாடி 34, பின்னாடி 34ன்னா ஒரு மிதிக்கு 2.1 மீட்டர் போவீங்க, பின்னாடி 28ன்னா 2.55, பழைய ரேஸ் பைக்ல வர்ற 39க்கு 25ன்னா 3.28 மீட்டர்.

இப்ப மலைக்கு வாங்க. ஆளும் பைக்கும் தண்ணி பாட்டிலும் சேத்து 85 கிலோன்னு வைங்க, தொடர்ந்து சைக்கிள் ஓட்டற ஒருத்தர் ஒரு மணி நேரம் விடாம 150 வாட்ஸ் குடுக்கறாருன்னு வைங்க. 7 சதவீத ஏத்தத்துல, அதாவது 100 மீட்டர் போனா 7 மீட்டர் மேல ஏறற ரோட்டுல, அவரோட வேகம் மணிக்கு சுமார் 8.5 கிலோமீட்டர்தான், எவ்ளோ விலை குடுத்து பைக் வாங்கினாலும் இது பெருசா மாறாது ஏன்னா அங்க சண்டை காத்தோட இல்ல, புவியீர்ப்போட. இந்த வேகத்துல 34க்கு 34 போட்டா நிமிஷத்துக்கு 67 சுத்து மிதிப்பீங்க, 28 போட்டா 55, அந்த 39க்கு 25ல வெறும் 43. ஏத்தம் 10 சதவீதம் ஆச்சுன்னா வேகம் 6க்குப் பக்கத்துல இறங்கிடும், அப்ப 34க்கு 34லயே 49 சுத்துதான் வரும். பழைய கியர்ல 31!

கேடன்ஸ், அதாவது நிமிஷத்துக்கு மிதிக்கற சுத்து, கொறஞ்சா என்ன ஆகும்னு கேட்டா, அதே பவர கம்மி சுத்துல குடுக்கணும்னா ஒவ்வொரு மிதிக்கும் ஜாஸ்தி அழுத்தணும். அந்த 10 சதவீத ஏத்தத்துல 34க்கு 34ல பெடல் மேல சராசரியா 17 கிலோ அழுத்தம் இருந்தா போதும், 39க்கு 25ல அது 27 கிலோ. இது சராசரி, கால் கீழ இறங்கற நேரத்துல உச்ச அழுத்தம் இதைவிட ரொம்ப ஜாஸ்தியாவே இருக்கும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஊட்டிக்கு மசினகுடி பக்கமா ஏறற கல்லட்டி ரோட்டுல 36, அங்கெல்லாம் முட்டியும் தொடையும் ஒரு மணி நேரத்துக்கு மேல இந்த அழுத்தத்த வாங்கிட்டே இருக்கணும். அதுனாலதான் சொல்றேன், லேசான கியர் போடறது வீக்கான ஆளோட வேலைங்கற பேச்ச தயவுசெஞ்சு காதுல வாங்காதீங்க. அந்தப் பேச்சுக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசு. டூர் டி பிரான்ஸ ஆரம்பிச்ச ஆன்ரி தெக்ரான்ஜ், மாத்தற கியர் எல்லாம் 45 வயசு தாண்டினவங்களுக்குன்னு 1902லயே எழுதினவர், அந்த ரேஸ்ல 1937 வரைக்கும் டீரெய்லருக்கு (ஓடும்போதே செயின ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தற பாகம்) அனுமதி இல்ல, மலை அடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி பின் வீலக் கழட்டி மறுபக்கம் இருக்கற பெரிய பல்லுக்குத் திருப்பி மாட்டிட்டுப் போவாங்க. இன்னிக்கு மலை ஸ்டேஜ்ல ப்ரோ ரைடர்களே பின்னாடி 34 போட்டு ஓட்டறாங்க.

டாப் கியர் பத்தி கவலையே வேணாம். 50க்கு 11ல நிமிஷத்துக்கு 90 சுத்து மிதிச்சா மணிக்கு 51 கிலோமீட்டர் தாண்டும், சமதரைல தனியா அந்த வேகத்துல போக 600 வாட்ஸ் வேணும். இறக்கத்துல அந்த வேகம் வந்தா மிதிக்கறத நிறுத்திட்டு குனிஞ்சு உக்காருங்க. முன்னாடி 53 பல் வேணும்ங்கறவங்க ரேஸ்ல ஸ்ப்ரிண்ட் அடிக்கறவங்க மட்டும்தான்.

அப்ப எல்லாரும் கண்ண மூடிட்டு 11-34 கேசட் (பின்னாடி இருக்கற பல்சக்கர அடுக்கு, சின்னதுல 11 பல், பெருசுல 34) வாங்கிடலாமான்னா, அதுக்கும் ஒரு விலை இருக்கு. சைக்கிள் பாகம் செய்யற ஷிமானோவோட 11 ஸ்பீட் (பின்னாடி 11 பல்சக்கரம்) 11-34ல சின்ன பல் பக்கம் 11, 13, 15, 17னு ரெண்டு ரெண்டா தாவும். ஈசிஆர்ல நாலு பேரோட குரூப்பா மணிக்கு 36 கிலோமீட்டர்ல போறீங்க, முன்னாடி 50, பின்னாடி 15ல 86 சுத்து மிதிக்கறீங்க, கொஞ்சம் கனமா வேணும்னு மாத்தினா நேரா 13க்குப் போய் 74 ஆயிடும், காலோட தாளம் உடைஞ்சுடும். 11-28ல நடுவுல 14 இருக்கு, 80ல நிக்கும். சமதரைல எதிர்காத்துல மணிக்கணக்கா ஓட்டறவங்களுக்கு இந்த இடைவெளி நிஜமாவே எரிச்சல் தரும், அதுனால சென்னைல இருந்துட்டு மலைப் பக்கமே போகாதவங்க 11-28 வாங்கினா சந்தோஷமா இருப்பாங்க. 12 ஸ்பீட்ல இந்தப் பிரச்சனை பெரும்பாலும் தீந்துடுச்சு, அந்த 11-34ல 11, 12, 13, 14, 15னு ஒண்ணொண்ணா போய் மேல 34 வரைக்கும் ஏறும். பட்ஜெட் இடம் குடுத்தா என் ஓட்டு அதுக்குத்தான், முன்னாடி 50/34 காம்பாக்ட் கிராங்கோட (50 பல், 34 பல்னு ரெண்டு செயின்ரிங்).

வாங்கறதுக்கு முன்னாடி பின் டீரெய்லர் எந்த கேஜ்னு (செயின இழுத்துப் பிடிக்கற கீழ்க் கை எவ்ளோ நீளம்னு) கேட்டுக்கோங்க. ஷிமானோவோட 11 ஸ்பீட் 105 R7000 மாடல்ல ஷார்ட் கேஜ் 30 பல் வரைக்கும்தான் தாங்கும், நீளமான கேஜ் 34 வரைக்கும் போகும். ஷார்ட் கேஜ் பைக்க வாங்கிட்டு பின்னாடி மலைக்குப் போகணும்னு தோணுச்சுன்னா கேசட்டோட டீரெய்லரும் மாத்தணும், செயினும் பழைய நீளத்துல பத்தாமப் போகலாம், அப்ப முன்னாடி பெரிய செயின்ரிங்கோட பின்னாடி பெரிய பல்லப் போட்டா செயின் விறைச்சு டீரெய்லரையே இழுத்து ஒடச்சுடும்.