வட்ட முகமா, சதுர முகமா? அதற்கு முன் ஒரு புள்ளி வையுங்கள்

வட்ட முகத்துக்குச் சதுர ஃபிரேம், சதுர முகத்துக்கு வட்ட ஃபிரேம். எந்தக் கண்ணாடி ஃபிரேம் எனக்கு எடுப்பாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இது. முகத்தின் கோட்டுக்கு மாறான கோடு பளிச்சென்று தெரியும் என்ற அளவில் அது ரசனைக்குச் சரிதான். ஆனால் மைனஸ் 3, மைனஸ் 5 என்று பவர் இருப்பவருக்கு லென்ஸே முகத்தின் வடிவத்தை மாற்றிக் காட்டும். அந்த வழக்கமான பதில் வெறும் ஃபிரேமை வைத்துச் சொல்லப்படுவது.

ஃபிரேமின் உள்பக்கம் 52-18-140 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். லென்ஸின் அகலம் 52 மி.மீ., இரு லென்ஸ்களுக்கும் நடுவே மூக்குப் பாலம் 18, காதில் மாட்டும் கம்பியின் நீளம் 140. முதல் இரண்டையும் கூட்டினால் 70. ஒரு லென்ஸின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு உள்ள தூரம் அது. உங்கள் இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை, அதாவது பி.டி.யை, 62 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு இது 60-ஐ ஒட்டிச் சற்று முன்பின் இருக்கும். 70-க்கும் 62-க்கும் வித்தியாசம் 8. கண்ணுக்கு 4 மி.மீ. நீங்கள் லென்ஸின் நடு வழியாகப் பார்க்கவில்லை, 4 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளிப் பார்க்கிறீர்கள்.

ஒளி வளையாமல் நேராகப் போகும் புள்ளிதான் லென்ஸின் ஒளி மையம். அதைவிட்டு விலகிப் பார்த்தால் லென்ஸ் பட்டகம்போல் (ப்ரிஸம்) ஒளியைத் திருப்பும். எவ்வளவு என்பதற்கு அமெரிக்கரான சார்லஸ் பிரெண்டிஸ் பெயரில் எளிய விதி உண்டு: விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்குங்கள். 0.4 × 5 = 2. ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பது 2 செ.மீ. நகர்ந்து தெரியும் என்று பொருள். இரண்டு கண்ணிலும் எதிரெதிர்த் திசையில் இது நடந்தால் தலைவலி வரலாம், எழுத்து இரண்டாகப் பிரியலாம். அதனால் கடைக்காரர் ஒளி மையத்தைக் கண்மணிக்கு நேராக நகர்த்தித்தான் லென்ஸை வெட்டுவார்.

அப்படி நகர்த்துவதற்கு விலை கொடுப்பது இங்கேதான். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது, ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். அந்தத் தடிப்பு தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். நம் 52 ஃபிரேமில் காதுப்பக்க விளிம்பு ஒளி மையத்திலிருந்து 26 + 4 = 30 மி.மீ. தள்ளி இருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் மைனஸ் 5 என்றால் அங்கே நடுவைவிட 4.5 மி.மீ. கூடுதல் தடிமன். அதையே 46-18 ஃபிரேமில் போட்டால் விளிம்பு 24 மி.மீ. தூரம்தான், கூடுதல் தடிமன் 2.9. பெரிய ஃபிரேமுக்கு ஒளியை அதிகம் வளைப்பதால் மெல்லிதாகச் செய்யக்கூடிய, விலை உயர்ந்த 1.67 ஹை இண்டெக்ஸ் லென்ஸ் வாங்கினாலும் 3.4-க்குத்தான் குறையும். சின்ன ஃபிரேமில் மலிவான லென்ஸே ஜெயிக்கிறது! இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

முகத்துக்கு வருவோம். எதிரே நிற்பவர் மைனஸ் லென்ஸ் வழியாக உங்கள் நெற்றிப்பொட்டுப் பக்கத்தை (கண்ணுக்கும் காதுக்கும் நடுவே) பார்க்கும்போது அது உள்ளே இழுத்துத் தெரியும். லென்ஸுக்கு மூன்றரை செ.மீ. பின்னால் இருக்கும் முகக்கோடு, மைனஸ் 5-ல் ஏறக்குறைய 5 மி.மீ. உள்ளே நகரும், கண்ணாடிக்குள் மட்டும் கன்னம் வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். லென்ஸ் முகக்கோட்டைத் தொடாத அளவுக்குச் சிறிதாக இருந்தால் இந்த வெட்டு தெரியாது. அகன்ற முகமும் குறைந்த பி.டி.யும் உள்ளவர்கள் லென்ஸைப் பெரிதாக்காமல், கீல் இருக்கும் மூலை வெளியே நீண்ட ஃபிரேமாகப் பார்க்க வேண்டும். பிளஸ் லென்ஸ் இதற்கு நேர்மாறு: கண் பெரிதாகத் தெரியும், பெரிய ஃபிரேமானால் நடுத்தடிமன் கூடும்.

அடுத்தது மூக்கு. பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது அதுதான். தட்டையான மூக்குத்தண்டுக்கு வளைத்துச் சரிசெய்யும் பேட் உள்ள மெட்டல் ஃபிரேம் நல்லது. பிளாஸ்டிக் ஃபிரேமில் பாலம் பொருந்தாவிட்டால் பிறகு அதிகம் செய்ய முடியாது, வழுக்கிக்கொண்டே இருக்கும். மைனஸ் 8 கண்ணாடி ஒரு செ.மீ. இறங்கினால் கண்ணுக்குக் கிடைப்பது 7.4தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசக் கண்ணாடி கொடுப்பது அருமையான திட்டம். அதோடு நம் பிள்ளைகளின் மூக்கையும் காதையும் வயதுவாரியாக அளந்து ஃபிரேம் வடிவமைக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். வழுக்கும் கண்ணாடியைப் பிள்ளை பையில் போட்டுவிடும். ‘கண்ணாடி போட்டால் பவர் ஏறும்’ என்ற மூடநம்பிக்கை வீட்டில் ஏற்கெனவே இருந்தால், அதை மறுபடி எடுத்து மாட்டச் சொல்ல ஆள் இருக்காது.

கடையில் ஃபிரேமை மாட்டி, முதலில் மூக்கிலும் காதிலும் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு நேராகத் தூரத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் வெற்று லென்ஸில் கண்மணிக்கு நேராக மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கழற்றி ஸ்கேலால் அளந்தால், மூக்குப்பக்க விளிம்புக்கு 22, காதுப்பக்கத்துக்கு 24 என்று வந்தால் நல்ல ஃபிரேம். 22-ம் 30-ம் வந்தால், மைனஸ் பவர் அதிகமுள்ளவர் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.