பழைய அம்பாசடரின் உள்பக்கம்: விளக்கு ஏன் மங்குகிறது, சீட் ஏன் உதிர்கிறது

பழைய அம்பாசடரில் ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவது பேட்டரி. அப்புறம் பல்பு. அதற்கும் சரியாகாவிட்டால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங்குக்குக் கொடுப்பார்கள். இத்தனை செலவுக்குப் பிறகும் விளக்கு பழையபடியே மினுங்கிக்கொண்டிருக்கும், ஏனென்றால் கோளாறு இருந்தது விளக்குக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு எர்த் ஸ்க்ரூவில், அதாவது விளக்கின் கம்பியைக் காரின் பாடியோடு இணைக்கும் ஸ்க்ரூவில். அறுபதுகளில் வந்த ஒரு காரின் உள்பக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்: வயர் நடுவில் கெடுவது குறைவு, அது முடிகிற இடத்தில்தான் கெடுகிறது.

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3 காரின் வடிவம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரானது. உடம்பைப் போலவே மின்சார அமைப்பும் பிரிட்டிஷ்தான், கார் மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் வழி. 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் சென்னை பாடியில் டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் செய்ய ஆரம்பித்ததால் இந்தப் பாகங்கள் நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குக் கைப்பழக்கம். மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே பிரிட்டிஷ் பரம்பரைதான், அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

வீட்டு வயரிங்கில் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. காரில் போவதற்கு மட்டும்தான் கம்பி. திரும்பி வருவது காரின் இரும்பு உடம்பு வழியாக. பேட்டரியின் ஒரு முனையைத் தடித்த பட்டையால் பாடியில் இணைத்துவிடுகிறார்கள், ஒவ்வொரு விளக்கும் தான் இருக்கும் இடத்திலேயே பாடியைத் தொட்டு வேலையை முடித்துக்கொள்கிறது. செம்பு மிச்சம். ஆனால் அந்தத் தொடும் இடத்தில் பெயின்ட்டோ துருவோ வந்துவிட்டால் பாதையே அடைபடுகிறது. அதனால்தான் காரைப் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்த வாரத்திலேயே லைட் எதுவும் சரியாக எரியாத கதை அடிக்கடி நடக்கிறது. எர்த் எடுக்கும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் ஸ்க்ரூவை இறுக்கி, அதன் மேல் கொஞ்சம் வாஸலைன் தடவ வேண்டும். ஈரமும் காற்றும் உள்ளே போகாமல் இருக்க இது போதும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் எண்ணில் பார்க்கும்போதுதான் இதன் தீவிரம் புரியும். 45 வாட் பல்பு இரண்டு என்றால் மொத்தம் 90 வாட், 12 வோல்ட்டில் அது 7.5 ஆம்பியர். வழியில் ஏதோ ஒரு துருப்பிடித்த இணைப்பு 0.2 ஓம் தடை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் 2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அவ்வளவு தடை வர வேண்டுமானால் ஏறத்தாழ 23 மீட்டர் நீளம் வேண்டும். ஒரே ஒரு ஸ்க்ரூ 23 மீட்டர் வயர் அளவுக்கு வழியை மறிக்கிறது! 7.5 ஆம்பியர் அதில் பாயும்போது சுமார் 1.5 வோல்ட் அங்கேயே தொலைகிறது, அந்த இடம் 11 வாட் வெப்பத்தை விடுகிறது. பல்புக்குப் போய்ச் சேர்வது 10.5 வோல்ட். வோல்டேஜ் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் மூன்று, மூன்றரை அடுக்குக்கு (power) ஏற்ப இறங்கும். ஆக வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போயே போய்விடுகிறது. இணைப்பு சூடானால் அதன் உலோகம் இன்னும் வேகமாக ஆக்ஸைடாக மாறும், தடை கூடும், இன்னும் சூடாகும். கடைசியில் கனெக்டர் உருகுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பலர் மல்டிமீட்டரில் ஓம் பார்க்கிறார்கள். நான் அதை நம்புவதில்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட மீட்டரில் நல்ல வயராகவே தெரியும், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. விளக்கை எரியவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் வந்தால் நல்லது. ஒரு வோல்ட் வந்தால் திருடன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான். இதே மாதிரி சப்ளை பக்கத்தையும், பேட்டரியிலிருந்து ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து டிம்மர் (பிரைட், டிம் மாற்றும் ஸ்விட்ச்), டிம்மரிலிருந்து பல்பு என்று துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

வயரை மாற்ற உட்கார்ந்தால் நிறங்கள் பெரிய உதவி. லூகாஸ் முறையில் பழுப்பு எப்போதும் உயிருள்ள, அதாவது சாவி போடாமலே மின்சாரம் இருக்கும் மெயின் சப்ளை. வெள்ளை சாவி போட்டதும் வருவது, ஃப்யூஸ் இல்லாமல். அதே சப்ளை ஃப்யூஸைத் தாண்டினால் பச்சை. ஊதா எப்போதும் உயிரோடு இருப்பது, ஆனால் ஃப்யூஸ் வழியாக, ஹாரனும் உள்விளக்கும் இதில். நீலம் ஹெட்லைட், நீலத்தில் வெள்ளைக்கோடு பிரைட், சிவப்புக்கோடு டிம். சிவப்பு என்றால் பார்க்கிங் லைட்டும் டெயில் லைட்டும். கறுப்பு எர்த். ஐம்பது வருடத்தில் பல கைகள் பட்ட காரில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போட்டிருப்பார்கள், அதனால் நிறத்தை மட்டும் நம்பி வெட்டாமல் ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டி, படம் எடுத்து, பழைய வயர் கட்டை முழுசாக வெளியே எடுத்துத் தரையில் விரித்து, அதையே அச்சாக வைத்துப் புதியதைக் கட்டுவதுதான் சரி.

இங்கே ஃப்யூஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பொதுவாக மொத்தமே இரண்டு ஃப்யூஸ்தான் இருக்கும், ஹெட்லைட்டுக்கு ஒன்றுமே இருக்காது. போதாக்குறைக்கு, லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸின் மேல் 35 என்று எழுதியிருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய ஃப்யூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. பழையது போய்விட்டது என்று கடையில் 35 ஆம்பியர் புது ஃப்யூஸ் கேட்டு வாங்கிப் போட்டால், ஃப்யூஸுக்கு முன்பே வயர் எரியும். அந்த இடத்தில் போட வேண்டியது 15 ஆம்பியர். ஹெட்லைட்டுக்குத் தனி ஃப்யூஸும், சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் ஒரு ரிலேயும் சேர்ப்பதை நான் தயங்காமல் சொல்வேன், அசல் தன்மை கெடுகிறது என்று வருத்தப்படுபவர்கள் இருந்தாலும். ரிலே இருந்தால் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போவது 0.2 ஆம்பியருக்கும் குறைவு, பழைய ஸ்விட்ச் இன்னும் பல வருடம் உழைக்கும்.

ஆனால் ரிலே போட்டாயிற்று என்று 100 வாட் ஹாலஜன் மாட்டிவிடாதீர்கள். லூகாஸின் சி40 வகை டைனமோவால் அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தர முடியும், அதுவும் வண்டி ஓரளவு வேகத்தில் ஓடும்போது. ஐட்லிங்கில் அது எதையும் தராது, எல்லாமே பேட்டரியிலிருந்து போகும். இன்னொன்று, டைனமோ தான் தரும் மின்சாரத்தின் திசையைத் தன் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தில் வைத்திருக்கிறது. அறுபதுகளின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அப்படிப்பட்ட காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால் பேட்டரியைத் திருப்பி மாட்டுவதோடு வேலை முடியாது, டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனைக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் பேட்டரியின் லைவை ஒரு கணம் தொட்டு எடுத்து, உள்ளே இருக்கும் காந்தத்தைப் புதிய திசைக்குத் திருப்ப வேண்டும்.

சரி, வயரின் மேலுறை ஏன் நொறுங்குகிறது? மிகப் பழைய கார்களில் செம்பின் மேல் இயற்கை ரப்பரும் அதன் மேல் பருத்தி நூல் பின்னலும் இருக்கும். ரப்பரின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓஸோனும் அங்கேதான் தாக்கும். சங்கிலிகள் சில இடத்தில் அறுந்து, சில இடத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வளைந்துகொடுத்த ரப்பர் மண்கட்டி மாதிரி உடையும். பிறகு வந்த பிவிசி வேறு விதம். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள், அதில் எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைக் கலந்துதான் வளையச் செய்கிறார்கள். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுவென்று ஒரு படலம் படியுமே, அதில் இதற்கும் பங்குண்டு. பிவிசி மேலும் சிதைந்தால் ஹைட்ரஜன் குளோரைடை விடுகிறது, ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகிச் செம்பைத் தின்னும். மேலுறையை உரித்தால் பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிகிற வயரில் ஈயம் ஒட்டாது. பளிச்சென்று செம்பு தெரியும் வரை வெட்டுங்கள். தெரியவேயில்லை என்றால் அந்த வயரை மொத்தமாக மாற்றுங்கள். முனைகளில் லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனையை) நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்திப் பொருத்துவதே போதும். ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஊறிப்போய் அந்த இடத்தை விறைப்பாக்கும், அதிர்வில் சரியாக அந்த எல்லையில் வயர் ஒடியும்.

டேஷ்போர்டைக் கழற்றும்போது மீட்டர்களையும் பார்த்துவிடலாம். பல பிரிட்டிஷ் வடிவக் கார்களில் பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை ஒன்று சூடாகி வளைவதால் முள்ளை நகர்த்துபவை. அவற்றுக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்ன டப்பா. அதற்குள்ளும் இன்னொரு ஈருலோகப் பட்டை சூடாகி, மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்து, சராசரி 10 வோல்ட்டாக ஆக்குகிறது. மீட்டரின் முள் மெதுவானது என்பதால் அந்த விட்டுவிட்டு வருவது அதற்குத் தெரியாது. இந்த டப்பாவின் எர்த் போய்விட்டால் உள்ளே இருக்கும் பட்டை சூடாகாது, மின்சாரம் நிற்காமல் பாயும், இரண்டு முட்களும் ஒன்றாக மேலே ஏறும். டேங்க் நிறைந்திருப்பதாகவும் இன்ஜின் கொதிப்பதாகவும் கார் ஒரே நேரத்தில் சொன்னால் ரேடியேட்டரைத் திறக்கும் முன் இந்த டப்பாவின் ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர் எனக்குப் பிடித்த கருவி. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி அலுமினியக் கிண்ணம், இரண்டும் தொடுவதே இல்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை கிண்ணத்தைக் காந்தத்தோடு சேர்த்து இழுக்க, ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை பெற்ற முறை இது. முள் துள்ளினால் பெரும்பாலும் குற்றவாளி காய்ந்துபோன கேபிள். கிரீஸ் போடுங்கள், ஆனால் மேல்முனையில் ஒரு சாண் அளவுக்கு விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அது திருகிக்கொண்டே ஏறி மீட்டருக்குள் போய்க் கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைத்துவிடும்.

சீட்டுக்கு வருவோம். கீழே இரும்பு ஸ்ப்ரிங், அதன் மேல் கோணி, அதன் மேல் திணிப்பு, மேலே ரெக்சின். திணிப்பாக நம் நாட்டுக் கார்களில் ரப்பர் ஊட்டிய தென்னை நார் நிறையவே பயன்பட்டது. நாரை முறுக்கிச் சுருளாக்கிப் பிரித்து, ரப்பர் பாலைத் தெளித்து, வார்ப்பில் வைத்துச் சூடாக்குவார்கள். ஒவ்வொரு நாரும் ஒரு குட்டி ஸ்ப்ரிங், அவை தொடும் இடங்களில் மட்டும் ரப்பர் பசை. அதனால் காற்று ஓடும், முதுகு வேர்க்காது. வருடங்கள் போனால் நார் கெடுவதில்லை, ரப்பர் ஒட்டுதான் நொறுங்கிச் சீட்டுக்கு அடியில் பழுப்புத் தூளாகக் கொட்டும். இன்று குஷன் கடைகளில் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே கட்டியாக ஃபோம் போட்டுத் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்ப்ரிங் ஆடுவதற்கு இடமில்லாமல் ஃபோம் அடைத்துக்கொள்கிறது, உட்காரும் உயரமும் கூடி ஸ்டீயரிங் தொடையில் இடிக்கிறது. ஸ்ப்ரிங்கின் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, புதுக் கோணி தைத்து, நார்த் திணிப்பின் மேல் மெல்லிய ஃபோம் ஓர் அடுக்கு மட்டும் வைப்பதே நல்ல வேலை.

கதவு பேடுக்கு (கதவின் உள்பக்க ஹார்ட்போர்டு அட்டைக்கு) பின்னால் ஒரு பாலிதீன் தாள் இருக்க வேண்டும், பல கார்களில் அது எப்போதோ கிழித்து எறியப்பட்டிருக்கும். கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது சகஜம், கீழே உள்ள துளைகள் வழியாக அது வெளியேறிவிடும். தாள் இல்லையென்றால் ஹார்ட்போர்டு நனைந்து உப்பும். தரை விரிப்புக்கு அடியில் சணல் வைத்திருந்தால் அது மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டை ஓட்டையாக்கும். பின்பக்கம் போகும் வயர் கட்டும் இந்த ஈரத்துக்கு அருகில்தான் ஓடுகிறது என்பதால் உள்அலங்காரத்தையும் வயரிங்கையும் இரண்டு வேலையாகப் பிரிக்க முடியாது. ரூஃப் லைனிங்குக்கு மேலே உள்விளக்கின் வயர் போகிறது. துணியை இழுத்து ஒட்டிய பிறகு அதைத் தொட வேண்டுமென்றால் துணியைக் கிழிக்க வேண்டியதுதான்.

எனவே எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியை நேரடியாக மாட்டாதீர்கள், எங்காவது ஷார்ட் இருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து புதுக் கட்டு முழுவதும் கருகும். எர்த் பட்டைக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வையுங்கள். என்ன ஆனாலும் 2 ஆம்பியருக்கு மேல் போகாது. எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது, ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றும்போது அணைகிறதோ அதுதான். பல்பு எரியாவிட்டால் பார்க்கிங் லைட்டைப் போடுங்கள், இரண்டும் மங்கலாகப் பகிர்ந்து எரியும். ஒவ்வொரு ஸ்விட்சாக இப்படிப் பார்த்து முடித்த பிறகு பல்பை எடுத்துவிட்டுப் பட்டையை நேராக மாட்டலாம், அப்புறம் ரூஃப் லைனிங் ஒட்ட ஆளைக் கூப்பிடலாம்.