ஆயிரம் பாஸ், கோல் பூஜ்ஜியம்

2022 டிசம்பர் 6, கத்தாரின் அல் ரய்யான் நகரம். கால்பந்து உலகக்கோப்பை நாக்-அவுட் சுற்றில் மொராக்கோவுக்கு எதிராக ஸ்பெயின் 120 நிமிடம் ஆடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள், முக்கால் பங்குக்கும் அதிகமான நேரம் பந்து ஸ்பெயினின் காலில். கோல் வலையை நோக்கிச் சரியாகப் போன ஷாட் ஒன்றே ஒன்று. பெனால்டி ஷூட்-அவுட்டில் சரபியாவின் உதை கம்பத்தில் பட்டது, சோலெர், புஸ்கெட்ஸ் இருவரின் உதைகளையும் மொராக்கோ கோல்கீப்பர் போனோ தடுத்தார். மூன்று உதையில் ஒன்றும் உள்ளே போகவில்லை. இரண்டு நாள் கழித்து பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே பதவியில் இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் இதே படம்தான் ஓடியது. 2018 ஜூலை 1, மாஸ்கோ லுஷ்னிகி மைதானம், எதிரணி ரஷ்யா. அன்றும் ஆயிரம் பாஸைத் தாண்டினார்கள், பெனால்டியில் வெளியேறினார்கள். பந்தை வைத்திருக்கும் ஆட்டத்தைப் பார்க்கும் ரசிகனுக்கு வயிற்றெரிச்சல் வருவது இந்த மாதிரி இரவுகளில்தான். "முன்னாடி போடுடா!" என்று கத்துகிறவன் விவரம் தெரியாதவன் என்று பல வல்லுநர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அவன் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பது, எதிரணி தன் கோலுக்கு முன்னால் எழுப்பும் ஆள்சுவரைச் சுற்றிப் பந்து போகும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

முதலில் அந்தச் சதவீதம். திரையில் "பொசெஷன் 77%" என்று, அதாவது பந்து ஒரு அணியிடம் இருந்த பங்கு இவ்வளவு என்று வந்தால், யாரோ ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு அளந்ததாக நினைப்போம். பல தரவு நிறுவனங்கள் அளப்பது நேரத்தை அல்ல, பாஸ்களை. ஒரு அணி 600 பாஸ், இன்னொன்று 200 என்றால் 75-க்கு 25. அவ்வளவுதான். ஓரத்தில் ஆடும் ஒரு விங்கர் பந்தோடு எட்டு வினாடி ஓடி, இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு ஒரு பாஸ் கொடுத்தால் கணக்கில் அது ஒன்று. அதே எட்டு வினாடியில் தற்காப்பின் நடுவில் நிற்கும் இரண்டு சென்டர்பேக்குகள் தங்களுக்குள் நான்கு முறை தட்டிக்கொண்டால் கணக்கில் நான்கு. ஆகவே மந்தமாக ஆடும் அணியை இந்த எண் கொஞ்சம் தூக்கியே காட்டும். இதைவிட உருப்படியான எண் ஒன்று உண்டு: மைதானத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், அதாவது எதிரணி கோலுக்கு அருகே, இரு அணிகளும் போட்ட பாஸ்களில் நம் பங்கு எவ்வளவு? பந்து நம்மிடம் இருந்ததா என்பதைவிட, எங்கே இருந்தது என்பதை அது சொல்லும்.

இனி சுவர். மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். தற்காப்புக்கு இறங்கிய அணி தன் பத்து ஆட்டக்காரர்களையும் கோலுக்கு முன்னால் சுமார் 40 மீட்டர் அகலம், 25 முதல் 30 மீட்டர் நீளமுள்ள பெட்டிக்குள் அடைத்துவிடும். 'லோ பிளாக்' என்பது இதைத்தான். பக்கத்துப் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கு இடையே எட்டுப் பத்து மீட்டர்தான் இடைவெளி. பின்வரிசைக்கும் கோல்கீப்பருக்கும் நடுவிலும் இடமில்லை, அதனால் தலைக்கு மேல் தூக்கிப் போடும் பந்து பெரும்பாலும் கோல்கீப்பரின் கையில் போய் விழும். திறந்திருக்கும் இடமெல்லாம் பக்கவாட்டிலும் பின்னாலும்தான். அந்த இடத்தைக் கொடுப்பதில் தற்காப்பு அணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மொராக்கோவின் முன்கள வீரர் என்-நெசிரி, ஸ்பெயின் சென்டர்பேக்குகளான ரோட்ரியையும் லப்போர்ட்டையும் விரட்டவே இல்லை. அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, நடுவில் நின்ற புஸ்கெட்ஸுக்குப் பந்து போகும் வழியை மறைத்து நின்றார். 77 சதவீதத்தில் ஒரு பெரிய பங்கு மொராக்கோ மனமுவந்து கொடுத்தது.

பிறகு நடப்பது செக்குமாட்டுச் சுற்று. இடது ஃபுல்பேக் (ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்), இடது சென்டர்பேக், வலது சென்டர்பேக், வலது ஃபுல்பேக், மறுபடி அதே வழியில் திரும்பல். மேலிருந்து பார்த்தால் பந்தின் தடம் 'ப' எழுத்து மாதிரி சுவரைச் சுற்றி வெளியே ஓடும், உள்ளே நுழையாது. "இப்படி அலைக்கழித்தால் எதிரணி களைத்துவிடும்" என்பது இதற்குச் சொல்லப்படும் வழக்கமான சமாதானம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 50 மீட்டர். மூன்று பாஸ், ஒவ்வொன்றும் சுமார் 17 மீட்டர். தரையில் உருளும் பந்தின் சராசரி வேகம் வினாடிக்கு 12 மீட்டர் என்று வைத்தால் ஒரு பாஸுக்கு 1.4 வினாடி, மூன்றுக்கும் 4.2. நடுவில் இரண்டு பேர் பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, திருப்பி அடிக்க ஆளுக்கு 1.5 வினாடி எடுத்தால் இன்னும் 3. ஆக மொத்தம் ஏழு வினாடிக்கு மேல். அந்த நேரத்தில் சுவர் எவ்வளவு நகர வேண்டும்? 50 மீட்டர் அல்ல, சுமார் 15 முதல் 20 மீட்டர். மிதமான ஓட்டமாக வினாடிக்கு 5 மீட்டர் போனாலும் மூன்று நான்கு வினாடி போதும். பந்து வந்து சேரும் முன்பே சுவர் அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். நிதானமாகப் போய் அடைக்கக்கூடிய வேகத்தில் பந்தைச் சுற்றினால் யார் களைப்பார்கள்? பார்க்கிறவர்கள்தான்.

அதே 1.5 வினாடியை ஒரே தொடுகையில் 0.4 வினாடியாகச் சுருக்கினால் மொத்தம் ஐந்து வினாடி. சுவர் இப்போதும் வந்து சேரும், ஆனால் நிதானமாக அல்ல, ஓடி. ஓடுகிறவன் நிற்கும் கணத்தில் அவன் எடை ஒரு காலில் இருக்கும், எதிர்ப்பக்கம் திரும்ப முடியாது. சென்டர்பேக் தரைப் பாஸை விட்டுவிட்டு 45 மீட்டர் குறுக்குப் பந்தாக ஒரேயடியாக அடித்தால் 2.5 வினாடிதான். சுவருக்கு மூன்று, நான்கு தேவை. மிச்சமாகும் அந்த ஒரு வினாடிதான் ஓரத்தில் நிற்கும் விங்கருக்குக் கிடைக்கும் மூலதனம். அதிலும் பந்தை அடக்க அரை வினாடி போய்விடும். முதல் தொடுகையில் பந்து காலை விட்டு இரண்டு மீட்டர் துள்ளினால் மூலதனம் முழுவதும் காலி.

புல்லுக்கும் இதில் பங்கு உண்டு. ஐரோப்பியப் போட்டிகளில் புல் 30 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. பாஸ் ஆட்டம் ஆடும் அணிகள் அதைவிடக் குட்டையாக வெட்டி, ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் தண்ணீர் தெளிக்கும். ஈரப் புல்லில் உராய்வு குறையும், பந்து வழுக்கிப் போகும். காய்ந்த, நீண்ட புல்லில் அதே உதைக்குப் பந்து பாதி வழியில் சோர்ந்துவிடும். பாஸ் ஆடும் அணி விருந்தாளியாக வரும்போது மைதானம் காய்ந்து கிடந்தால், அது எப்போதும் தற்செயல் அல்ல.

இனி ஒரே ஒரு பாஸைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். நடுக்கள வீரர் இரண்டு எதிராளிகளுக்கு நடுவில் நிற்கிறார், சென்டர்பேக் அவரிடம் பந்தை அனுப்புகிறார். அவர் முகம் தன் கோலைப் பார்த்திருந்தால் பந்தைத் தொட்டதும் செய்ய முடிந்தது ஒன்றுதான்: வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது. உடலைப் பக்கவாட்டில் திறந்து, ஒரு தோள் எதிரணி கோலை நோக்கியிருக்க, பந்து வருமுன் இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்திருந்தால், தொலைவில் உள்ள காலால் பந்தை வாங்கி அதே அசைவில் முன்னால் திரும்பிவிடலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை வினாடி. அந்த அரை வினாடியில் பின்னால் நிற்கும் எதிராளி மூன்று மீட்டர் நெருங்கிவிடுவார். சென்டர்பேக் எந்தக் காலுக்குப் பந்தை அனுப்புகிறார் என்பதும் முக்கியம். கிட்டத்துக் காலுக்கு வந்த பாஸ், திரும்பும் வாய்ப்பை அங்கேயே மூடிவிடும். எண்ணிக்கையில் இரண்டுமே 'வெற்றிகரமான பாஸ்'.

கேலரியிலிருந்து பார்க்கிறவர் "அங்க ஆளு ஃப்ரீயா நிக்கிறான்!" என்று கத்துவதற்கும் இதுதான் காரணம். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த இடைவெளி தெரிகிறது, தரையில் நிற்பவருக்கு நடுவில் நான்கு கால்கள் மறைக்கின்றன. ரசிகர் சொன்னது பொய்யல்ல. இடைவெளி இருந்தது, அரை வினாடிக்கு.

தெரிந்தாலும் பலர் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம். பக்கவாட்டுப் பாஸ் போய்ச் சேருவது ஏறக்குறைய நிச்சயம், நடுவில் துளைக்கும் பாஸ் அப்படியல்ல. அது பறிபோனால் இரண்டு ஃபுல்பேக்குகளும் மேலே ஏறி நிற்க, பின்னால் 50 மீட்டர் வெட்டவெளியும் இரண்டு மூன்று டிஃபெண்டர்களும் மட்டுமே மிச்சம். பறித்த வேகத்திலேயே எதிரணி பாயும் அந்தக் கவுன்ட்டர் அட்டாக்கில் கோல் விழுந்தால் மறுநாள் பேச்சு முழுக்க அந்தப் பாஸைப் பற்றியே இருக்கும். கொடுக்காமல் விட்ட பாஸைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். எனவே தனிமனிதக் கணக்கில் பத்திரமான பாஸ் சரி, பதினொரு பேரும் அதே கணக்கைப் போட்டால் ஆட்டம் செத்துவிடும்.

உள்ளே நுழைய முடியாத அணி கடைசியில் தொலைவிலிருந்து உதைக்கும், அல்லது ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போடும், அதாவது கிராஸ். 25 மீட்டரிலிருந்து அடிக்கும் ஷாட் கோலாகும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம், அப்படி முப்பது முறைக்கு மேல் உதைத்தால்தான் ஒரு கோல் எதிர்பார்க்கலாம். பெனால்டிக்கு அது ஏறத்தாழ 76 முதல் 79 சதவீதம். கிராஸ்களில் நாலில் ஒன்றுதான் நம் ஆள் மீது போய் விழும். அதுவும் தலையால் முட்டும் பந்து, காலால் அடிப்பதைவிட பலவீனம்.

அப்படியானால் பந்தை வைத்திருப்பதே தவறா? இந்த முடிவுக்குத் தாவியவர் ஒருவர் உண்டு. 1950-இல் இங்கிலாந்தின் ஸ்விண்டன் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக் காகிதமும் பென்சிலுமாகக் குறிப்பெடுக்கத் தொடங்கிய சார்லஸ் ரீப் என்ற பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி. பத்தில் எட்டு கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைந்த பாஸ்களில் விழுகின்றன என்று கண்டார், ஆகவே நீளமாக முன்னால் அடியுங்கள் என்றார். இங்கிலாந்து இந்தப் பேச்சை வெகுகாலம் நம்பியது. பிழை எங்கே? பந்து கிடைத்ததிலிருந்து பறிபோகும்வரை ஒரு நகர்வு என்றால், ஆட்டத்தின் நகர்வுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. ஊரில் எல்லோரும் இட்லி சாப்பிட்டால், வயிற்றுவலிக்காரர்களிலும் இட்லி சாப்பிட்டவர்களே அதிகம் இருப்பார்கள். அதற்காக இட்லியைக் குற்றம் சொல்ல முடியுமா? திருப்பிப் பார்த்தால், நீண்ட நகர்வுகள் பத்தில் ஒன்றாக இருந்துகொண்டு பத்தில் இரண்டு கோல்களைக் கொடுத்திருக்கின்றன. ஹியூஸ், ஃபிராங்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1990, 1994 உலகக்கோப்பை ஆட்டங்களை எடுத்து 2005-இல் இதைத் திருத்தினார்கள். நல்ல அணிகளுக்கு நீண்ட நகர்வில் ஷாட் அதிகம் கிடைக்கிறது, ஆனால் குறுகிய, நேரடி நகர்வில் கிடைக்கும் ஷாட் கோலாக மாறும் விகிதம் அதிகம். காரணம் மேலே சொன்ன சுவர்தான். வேகமாகப் போனால் சுவர் எழும்பியிருக்காது.

பொசெஷனையும் தோல்வியையும் முடிச்சுப்போடும் வாதங்களில் இன்னொரு குழியும் இருக்கிறது. முன்னிலை பெற்ற அணி பின்வாங்கி உட்காரும், பின்தங்கிய அணிக்குப் பந்து தானாக வந்து சேரும். பந்தை வைத்திருந்ததால் தோற்றார்கள் என்பது பல சமயம் தலைகீழ், தோற்றுக்கொண்டிருந்ததால்தான் பந்து கிடைத்தது. 2022-இல் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் ஜப்பானின் பங்கு 18 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இடைவேளைக்குப் பிறகு சில நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துவிட்டு, மீதி நேரம் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ரசிகர்கள் பெரும்பாலும் பார்க்க மறுப்பது ஒன்று உண்டு: பந்தை வைத்திருப்பது முதலில் ஒரு தற்காப்பு முறை. 2010-இல் ஸ்பெயின் உலகக்கோப்பையை வென்றபோது ஏழு ஆட்டத்தில் அடித்தது எட்டே கோல், வாங்கியது இரண்டு. நாக்-அவுட் ஆட்டம் நான்கும் 1-0. இங்கிலாந்தில் பயிற்சியாளர் வான் ஹாலின் மான்செஸ்டர் யுனைடெட் 2015-16 பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் 35 கோல்தான் வாங்கியது, லீக்கில் அதைவிடக் குறைவாக யாரும் வாங்கவில்லை. அடித்தது 49. சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபர்டில் ரசிகர்கள் "அட்டாக், அட்டாக்" என்று கோஷமிட்டது இந்த இரண்டாவது எண்ணுக்காக. அதே பருவத்தில் பாதிக்கும் குறைவான நேரமே பந்தை வைத்திருந்த லெஸ்டர் 68 கோல் அடித்து லீக்கை வென்றது. யுனைடெட்டுக்கு ஐந்தாம் இடம். இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாவது நாள் வான் ஹால் நீக்கப்பட்டார்.

பழுதுபார்ப்பது எப்படி? பாஸைக் குறைப்பதால் அல்ல, பாஸுக்கு முன்னால் ஓடுவதால். பந்து கேட்காமல் பின்வரிசையின் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஓடினாலே டிஃபெண்டர் இரண்டு அடி பின்னால் போவார், அவர் முன்னால் இருந்த கதவு திறக்கும். பத்து ஓட்டத்தில் ஒன்பதுக்குப் பந்து வராது. இதை அலுக்காமல் செய்யும் முன்கள வீரர்கள் அபூர்வம். அடுத்தது, ஒரு ஓரத்தில் நான்கைந்து பேரைக் கூட்டி எதிரணியை அங்கே இழுத்துவிட்டு, மறு ஓரத்தில் ஒற்றைக்கு ஒற்றை ஆடத் தெரிந்த விங்கரைக் காலியாக வைத்திருப்பது. மொராக்கோவுக்கு எதிரான ஸ்பெயினிடம் முதலாவது குறைவு, இரண்டாவதற்கு ஆள் வெளிக்கோட்டில் நின்றாலும் பந்து தாமதமாகவே வந்தது. மூன்றாவது, பந்து பறிபோன முதல் ஐந்து வினாடியில் பின்னால் ஓடாமல் அங்கேயே பாய்ந்து பறிப்பது. எதிரணி அப்போதுதான் தாக்குதலுக்கு விரிந்திருக்கும். சுவர் கலைந்து கிடக்கும் ஒரே நேரம் அதுதான்.

லூயிஸ் டெ லா ஃபுவென்டே பயிற்சியாளராக வந்தபின் 2024 யூரோ கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஸ்பெயின் குரோஷியாவை 3-0 என்று வென்றது. பந்தை அதிகம் வைத்திருந்தது குரோஷியா. நட்பு ஆட்டங்கள் நீங்கலாக ஸ்பெயினுக்கு அப்படி நேர்ந்தது 2008 யூரோ இறுதிக்குப் பிறகு, 136 ஆட்டங்களில் முதல் முறை. பழைய பாணியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து பெர்லினில் இங்கிலாந்தை 2-1 என்று வென்ற இறுதியாட்டத்தின் முதல் கோலைப் பாருங்கள். 47-ஆம் நிமிடம், வலதுபக்கம் கார்வஹால் பாதத்தின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு. முந்தின நாள்தான் 17 வயதான லமின் யமால் அதை வாங்கி உள்நோக்கி ஓடுகிறார், இங்கிலாந்தின் பின்வரிசை அவரோடு சேர்ந்து நடுவுக்குச் சுருங்குகிறது. தாமதிக்காமல் பந்தைக் குறுக்கே உருட்டுகிறார். இடது ஓரத்தில் தனியாக வந்த நிக்கோ வில்லியம்ஸ் இடது காலால் தாழ்வாக அடிக்கிறார். அந்த ஆட்டத்திலும் பந்தை அதிகம் வைத்திருந்தது ஸ்பெயின்தான்.